தொப்பை அழகல்ல, ஆபத்து! நைட் ஷிப்ட் தொழிலாளர்களே உஷார்

ஓசூர்:

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கூட்டம் அலைமோதுகிறது. கையில் டீ, இன்னொரு கையில் போண்டா. "லேசா தொப்பை விழுந்திருக்கு, அவ்வளவுதான். மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் பலரது பேச்சு. ஆனால் விஷயம் அவ்வளவு லேசானது அல்ல.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வேறு. வயிற்றுக்குள் கல்லீரல், குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு வேறு. இரண்டாவதுதான் வில்லன். அதிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து நேராக கல்லீரலுக்குப் போகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. விளைவு: சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரலில் கொழுப்பு. கை, கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தாலும் இதே ஆபத்துதான்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வில், 100 பேரில் கிட்டத்தட்ட 40 பேருக்கு தொப்பை இருப்பது தெரியவந்தது.

அளவு எவ்வளவு?

ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. (சுமார் 35 இஞ்ச்), பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31 இஞ்ச்). இதைத் தாண்டினால் உஷார். "என் பேன்ட் சைஸ் 34தானே" என்று ஏமாறாதீர்கள். பேன்ட்டை தொப்பைக்குக் கீழே மாட்டுகிறோம். டேப்பை கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

டேப் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் எடுங்கள். பாதியாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் சேரவில்லை என்றால் தொப்பை அளவை மீறிவிட்டது.

காரணம் என்ன?

ஒரு ஷிப்ட்டுக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றால் 10 ஸ்பூன் சர்க்கரை. அதுவே 40 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதோடு நடுராத்திரி பரோட்டா, கெட்டுப்போன தூக்கம், மது. சத்தமான குறட்டை, பகலில் தூங்கி விழுவது இருந்தால் டிரைவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

வயிற்றுக்கு மட்டும் உடற்பயிற்சி செய்து தொப்பை கரையாது. வாரம் 5 நாள், தினம் அரை மணி நேரம் வேக நடை போதும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். ராகி களி, கீரை, கொள்ளு நம்ம ஊர் சாப்பாடுதான். ஆனால் களியும் அளவோடுதான்!

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கியதே நம் மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும்போது நீங்கள் ஷிப்ட்டில் இருந்தால், லீவு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ போய் பி.பி., சர்க்கரை பாருங்கள்.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கை வலி வந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள். உங்களை நம்பி வீட்டில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.