விலங்கினுள்ளே ஒரு தோட்டம்

பாம்பன் கடலோரத்தில் ஒரு நாள், நீர் வற்றிய வேளையில், பாறைக் குழி ஒன்றைக் குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில் இதழ் விரித்த மலர் ஒன்று தெரிந்தது. விரலால் தீண்டினேன், சட்டென்று சுருங்கிக்கொண்டது. அது மலரன்று, கடற்சாமந்தி என்னும் விலங்கு. இதழ்களாகத் தோன்றியவை இரை பிடிக்கும் கைகள்.

இரை பிடித்து உண்ணும் விலங்குக்கு வெயில் எதற்கு? ஆழமற்ற வெப்பக் கடல்களில் வாழும் பல கடற்சாமந்திகள் பகலொளியில் கைகளை விரித்து நிற்கின்றனவே, ஏன்? விடை அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், உட்புற உயிரணுக்களில் பொன்னிற உருண்டைகள் தெரியும். அவை தனி உயிர்களான பாசிகள். 1881-ஆம் ஆண்டில் கார்ல் பிராண்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்வகைப் பாசிகளுக்குப் பெயரிட்டார்.

இவ்விருவருக்கும் இடையே நடப்பது பண்டமாற்று. பாசி, வெயிலைக் கொண்டு சர்க்கரை சமைக்கிறது. அதில் ஒரு பங்கைத் தனக்கு இடமளித்த விலங்குக்கு வழங்குகிறது. விலங்கு வெளிவிடும் கரியமில வாயுவும், அதன் கழிவிலுள்ள நைட்ரஜன் சத்தும் பாசிக்கு உணவாகின்றன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஒருவகைக் கடற்சாமந்தியைப் பற்றி 1974-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாசியுள்ள சாமந்திகள் ஒளியை நாடி நகர்ந்தன. பாசியற்றவை அவ்வாறு நகரவில்லை. குடியிருப்பவரின் தேவை, வீட்டுக்காரரின் நடையையே மாற்றிவிட்டது!

ஆயினும் இவ்வுறவு வெப்பத்தைத் தாங்குவதில்லை. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பாசியின் சமையல் சீர்குலைந்து, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. பாசிகள் வெளியேறுகின்றன, விலங்கு வெளிறுகிறது. கடற்சாமந்தியின் உறவினமான பவளங்களும் இத்தகைய பாசிகளை நம்பியே வாழ்கின்றன. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி சென்டிகிரேடு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் வெளிறத் தொடங்கும். 2016-இல் நம் மன்னார் வளைகுடாவில் அவ்வாறே பவளங்கள் வெளிறின; அவற்றுள் ஒரு பகுதி மடிந்தது.

மாணவ நண்பர்களே, வெளிறிய பவளம் உடனே இறந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அது பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகும், உயிரும் தேறும். வெப்ப அலைகள் அடுத்தடுத்து வந்தாலோ, தேறுவதற்கு வேண்டிய காலம் அதற்குக் கிட்டாது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வெளிவிடும் புகையே கடலைச் சூடாக்கிவருகிறது.

இப்போதெல்லாம் நான் பாறைக் குழிக்குள் விரல் நீட்டுவதில்லை. சாமந்தி சுருங்கினால், உள்ளேயிருக்கும் தோட்டத்துக்கு வெயில் குறைந்துவிடும் அல்லவா?