சாவி எங்கிருந்து வந்தது?

பூட்டைத் திறக்கும் பொருளைச் சாவி என்கிறோம். இச்சொல் தமிழில் பிறந்ததன்று. அப்பொருளுக்குத் தமிழில் திறவுகோல் என்னும் பெயர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதனைச் 'சாவே' என்றனர். அதுவே நம் நாவில் சாவி ஆயிற்று. ஜன்னலும் அலமாரியும் அவ்வாறு வந்தவையே. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அதே போர்த்துகீசியரின் மொழியிலிருந்து மலாய் மொழியும் இவ்விரு சொற்களைப் பெற்றது. 'ஜென்டெலா', 'அல்மாரி' ஆகியவற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

போர்த்துகீசியருக்கு 'சாவே' எங்கிருந்து கிடைத்தது? பண்டைய ரோமானியர் பேசிய இலத்தீன் மொழியில் சாவிக்குக் 'கிளாவிஸ்' என்று பெயர். ரோமப் பேரரசு பரவிய இடங்களுக்கு இலத்தீனும் சென்றது. பேரரசு வீழ்ந்த பின், ஒவ்வொரு பகுதியிலும் பேச்சு தனித்தனியே மாறியது. போர்த்துகீசியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் முதலிய மொழிகள் அவ்வாறு உருவானவை. மொழியோடு சொல்லும் மாறியது. சாவி என்பது ஸ்பானியத்தில் 'யாவே', இத்தாலியத்தில் 'கியாவே', ருமேனியத்தில் 'கேயே', பிரெஞ்சில் 'கிளே'.

'சாவே', 'கிளே' ஆகிய இரண்டையும் கேட்பவர் அவை உடன்பிறப்புகள் என்று எளிதில் நம்பமாட்டார். ஓசை ஒத்திருக்கவில்லையே! ஆனால், மொழியியலாளர் ஓசையின் ஒற்றுமையை மட்டும் பார்ப்பதில்லை; மாற்றத்தில் ஓர் ஒழுங்கு உள்ளதா என்று தேடுகின்றனர். தீச்சுடரைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ஃபிளாமா'. அது போர்த்துகீசியத்தில் 'சாமா', ஸ்பானியத்தில் 'யாமா', இத்தாலியத்தில் 'ஃபியாமா' என வழங்குகிறது. 'நிறைந்த' என்னும் பொருளுடைய 'பிளேனுஸ்' முறையே 'சேயு', 'யேனோ', 'பியேனோ' ஆயிற்று. மூன்று சொற்களும் ஒரே பாதையில் மாறியிருப்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சு மட்டும் 'கிளே', 'ஃபிளாம்' எனப் பழைய தொடக்க ஒலியை விடாமல் வைத்திருக்கிறது. நம் பால், புலி, பூ ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹூ என வருவதும் இத்தகைய ஒழுங்கே.

மாறாக, ஓசை முற்றிலும் ஒத்திருந்தும் உறவு இல்லாத சொற்கள் உண்டு. மணி பிடிக்காத நெல்லையும் உழவர்கள் 'சாவி' என்பர். அது 'சா' என்னும் வினையிலிருந்து பிறந்த தூய தமிழ்ச்சொல். பூட்டுச் சாவிக்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை.

கிளாவிஸின் பொருளும் விரிந்தது. பிரெஞ்சில் மரையாணியைத் திருகும் கருவியும் 'கிளே'தான். ஸ்பானியத்தில் மற்போர் வீரர் எதிராளியை அசையவிடாமல் பிடிக்கும் பிடியும் 'யாவே'தான். அந்தப் பிடி உண்மையிலேயே ஒரு பூட்டுப் போன்றது அல்லவா? தோளருகே உள்ள காறை எலும்புக்குச் 'சிறு சாவி' எனப் பொருள்படும் 'கிளாவிகுலா' என்னும் பெயர் அமைந்தது.

பூட்டக்கூடிய அறை இலத்தீனில் 'கான்கிளாவே' எனப்பட்டது. இதன் பின்னே சுவையான வரலாறு ஒன்று உண்டு. 1268இல் போப்பாண்டவர் இறந்தபின், இத்தாலியின் வித்தெர்போ நகரில் கூடிய கார்டினல்கள் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் காலம் கடத்தினர். பொறுமையிழந்த நகரத்தார் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினர், உணவையும் குறைத்தனர். இறுதியில் 1271இல்தான் பத்தாம் கிரகோரி தேர்வானார். அவர் 1274இல், போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும்போது கார்டினல்களை வெளித்தொடர்பின்றி அடைத்து வைப்பதையே விதியாக்கினார். இன்றும் அத்தேர்தலுக்குக் 'கான்கிளேவ்' என்றே பெயர்.