பேச்சு வராத பிள்ளைக்கும் தமிழ் உண்டு

விஜயபுரத்தில் நம் அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில் ஏழு வயதுப் பாலகன் ஒருவன் இருக்கிறான். பிறவியிலேயே பெருமூளை வாதம் உற்றவன். காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் விளங்கும், நாவும் உதடும் மட்டும் அவன் விருப்பிற்கு இணங்குவதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மூன்று இரவுகள் அவன் உறங்காது அழுதான். பிடிவாதம் என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். பாட்டியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான்காம் நாள் கன்னம் வீங்கிய பின்னரே கடைவாய்ப் பல் சொத்தை என்பது புலனாயிற்று. 'பல் வலிக்கிறது' என்ற இரண்டு சொற்களுக்கு வழியின்றி ஒரு குழந்தை பட்ட பாட்டை எண்ணி, நமக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

இத்தகைய பிள்ளைகளுக்கு வழி உண்டு. படம், குறி, எழுத்து, கருவி ஆகியவற்றைப் பேச்சுக்குத் துணையாகவோ ஈடாகவோ கொண்டு கருத்தைத் தெரிவிக்கும் முறை அது. கார்டும் டிரைவரும் கொடியாலும் விளக்காலும் பேசிக்கொள்வதை நாள்தோறும் காணும் ரெயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, நம்மைப் போலவே பிழைப்பிடம் தேடி, ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்லஸ் பிளிஸ், உலகோர் யாவர்க்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1949-இல் ஒரு குறிமொழியை வெளியிட்டார். உலகம் அதனை ஏற்கவில்லை. ஆனால் 1971-இல் கனடாவின் டொரண்டோ நகரில் பேச இயலாத குழந்தைகளுக்கு அதுவே மொழியாயிற்று.

நமக்கு அண்மையில் சென்னை இருக்கிறது. அங்கே 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனம் இத்துறையில் நெடுநாள் அனுபவமுடையது. அந்நிறுவனத்தாரின் ஒத்துழைப்போடு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். முதலில் தனிக் கருவியாக வந்த அது, பின்னர் டேப்லெட்டில் இயங்கும் செயலியாயிற்று. குழந்தை படங்களைத் தொட்டால் அவை வாக்கியமாகிக் குரலாக ஒலிக்கும், தமிழிலும் ஒலிக்கும். கை வழங்காத குழந்தைக்குப் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய படம் வரும்போது தலையாலோ காலாலோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

கருவி வாங்க இயலாதோர் மனந்தளர வேண்டியதில்லை. ஓர் அட்டையும் பேனாவும் போதும்.

"தம்பி, படத்தைக் காட்டிப் பழகினால் வாய் சோம்பிப் போகாதா?" என்று பாட்டியார் நம்மைக் கேட்டார். நியாயமான அச்சமே. ஆயினும் 2006-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றில், உறுதியான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலோர்க்குச் சிறிதேனும் கூடிற்று.

மெய்யான இடையூறு வேறோரிடத்தில் இருந்தது. பள்ளியில் கொடுத்த அட்டையில் தெலுங்கும் ஆங்கிலமுமே இருந்தன. வீட்டில் பிள்ளை காலை முதல் இரவு வரை கேட்பதோ தமிழ். பாட்டியார் படிக்கத் தெரிந்ததும் தமிழ் ஒன்றே. அட்டை பையை விட்டு வெளியே வரவில்லை. பிழைக்க வந்த ஊரின் மொழியைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தாயிடம் தண்ணீர் கேட்க அயல்மொழி எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனின் தாயாரும் நாமும் திண்ணையில் அமர்ந்து நாற்பது கட்டங்கள் வரைந்தோம். படத்தின் கீழ்த் தமிழ். அதன் கீழ், பள்ளிக்காகத் தெலுங்கு. தண்ணீர், சோறு என்று பொருட்பெயர்களாகவே நாம் அடுக்கினோம். "அண்ணா, அவனுக்குக் கேட்பதற்கு மட்டும்தானா வாய்?" என்றார் அந்த அம்மையார். பின்னர் 'போதும்', 'வேண்டாம்', 'வலிக்கிறது' ஆகியன சேர்ந்தன. 'ஏன்' என்பதற்குப் படம் வரைய இயலாது, அது வேண்டாம் என்று நாம் வாதிட்டோம். அவர் விடவில்லை, கேள்விக்குறி ஒன்று போட்டார்.

பெரியவர்களும் பேசும்போதெல்லாம் அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும். இதுவே முறையின் உயிர். காட்டாத அட்டையைப் பிள்ளை எங்ஙனம் கற்கும்? ஐந்து வாரங்கள் ஒன்றும் நிகழவில்லை. ஆறாம் வாரம், கேழ்வரகுக் கூழ் ஊட்டிய பாட்டியாரிடம் அவன் முதன்முதலாகச் சொன்ன சொல் 'போதும்'. பாட்டியாருக்கு மகிழ்ச்சி பாதி, வருத்தம் பாதி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இம்முறைகளையும் 'தொடர்பு' என்றே ஏற்றிருக்கிறது. பள்ளியில் கேட்கத் தயங்க வேண்டாம்.

பையனின் தந்தையார்க்குக் குண்டக்கல்லில் வேலை. மாதம் ஒருமுறையே வருவார். சென்ற வாரம் அவர் ஊருக்குப் புறப்பட்ட மறுநாட்காலை, பையன் அட்டையில் 'அப்பா' என்ற கட்டத்தைத் தொட்டான். பிறகு கேள்விக்குறியைத் தொட்டுத் தாயாரின் முகத்தைப் பார்த்தான்.