வாய்ச்சொல்லில் கை மாறும் வண்டி

பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகிய எதனையும் கேட்காமல், “எடுத்துக்கொண்டு போய் வா” என்ற ஒரு சொல்லின் பேரிலேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவது சைக்கிளின் இயல்பு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமம் இல்லாதவரிடம் மோட்டார் சைக்கிளை ஓட்டக் கொடுப்பது வண்டிக்கு உரியவரின் குற்றமாகும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், 18 வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனத்தை ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். இந்தக் கட்டுப்பாடுகள் எவையும் மிதித்து ஓட்டும் வண்டிக்குப் பொருந்தா. எனவேதான், பத்து வயதுச் சிறுமி பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்வருவது இன்றும் இயல்பான காட்சியாக இருக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினரிடம் சைக்கிள் இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் அது இல்லை என்பதோடு, இருந்த வீடுகளிலும் ஒரே வண்டியைப் பலர் பகிர்ந்துகொள்வதுண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்நாட்டில் சைக்கிள் ஓட்டியோரில் பலர் பிறர் வண்டியை ஓட்டியவர்களே என்பது விளங்கும். ஆயினும், சைக்கிளை வாங்குவது பற்றிப் பேசும் அளவுக்கு, அதை இரவல் கொடுப்பது பற்றியும் வாங்குவது பற்றியும் நாம் பேசுவதில்லை. அந்த வாய்ச்சொல்லின் பின்னே இரு தரப்புக்கும் கடமைகள் உள்ளன; அவை சொல்லப்படாமல் விடப்படும்போதுதான் வண்டியோடு உறவும் பழுதாகிறது.

அக்கடமைகளை வகுத்திருப்பது, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு பொருளை, காரியம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்ற உடன்பாட்டோடு பிறர் பொறுப்பில் விடுவதை அச்சட்டம் பெய்ல்மெண்ட் என்கிறது. தமிழில் அதை ஒப்படைப்பு எனலாம். வாடகைக்கு வண்டியை விடுவதும், பணம் ஏதும் பெறாமல் நண்பருக்குக் கொடுப்பதும் அதன் இரு வகைகளே. சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் சைக்கிள் இந்தியத் தெருக்களில் பரவியிராததால், அதன் விளக்க எடுத்துக்காட்டுகள் பலவற்றில் குதிரைகள் வருகின்றன. குதிரை என்ற இடத்தில் சைக்கிளை வைத்துப் படித்தால் அவை இக்காலத் தெருவுக்கு அப்படியே பொருந்துவதைக் காணலாம்.

154ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு இது: ஒருவர் தம் குதிரையை மற்றொருவருக்கு, அவர் மட்டுமே ஏறிச் செல்வதற்காக இரவல் தருகிறார், வாங்கியவரோ தம் குடும்பத்தில் ஒருவரை அதில் ஏறவிடுகிறார், அவரும் கவனமாகவே ஓட்டுகிறார், ஆயினும் குதிரை தற்செயலாக விழுந்து காயமடைகிறது. இழப்பீடு தரவேண்டியவர் இரவல் வாங்கியவரே என்கிறது சட்டம். கவனக்குறைவு இருந்ததா என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. யாருக்கென்று வாங்கப்பட்டதோ அவரைத் தாண்டிப் பொருள் போனதே போதுமானது. அடுத்த எடுத்துக்காட்டில், காசிக்குச் செல்வதாகக் கல்கத்தாவில் குதிரையை வாடகைக்கு எடுத்தவர் கட்டக்குக்குச் சென்றுவிடுகிறார்; வழியில் நேர்ந்த தற்செயலான விபத்துக்கும் அவரே பொறுப்பாகிறார். இக்கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. 1703ஆம் ஆண்டில் காக்ஸ் எதிர் பெர்னார்டு என்னும் வழக்கில் தீர்ப்பு வழங்கிய தலைமை நீதிபதி ஹோல்ட், மேற்கே போவதாக இரவல் வாங்கிய குதிரையை வடக்கே ஓட்டிச் சென்றவரைச் சுட்டி, அதே விதியைக் கூறியிருக்கிறார். சைக்கிளை இரவல் வாங்கிய அண்ணன் அதைத் தன் நண்பனிடம் கொடுத்து, அந்த நண்பன் அதைப் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு எடுத்துச் சென்று ரிம் வளைந்து திரும்பும்போது, “நான் ஓட்டவே இல்லையே” என்று அண்ணன் சொல்வது ஏற்கத்தக்க மறுமொழியாகாது.

வாங்கியவர் சொன்னபடியே பயன்படுத்தும் வரையில், அவரிடம் சட்டம் அளவுக்கு மீறி எதையும் எதிர்பார்ப்பதில்லை. இரவல் வாங்கியவர் மிகச் சிறிய கவனக்குறைவுக்கும் பதில் சொல்லவேண்டும் என்பது பழைய ஆங்கில விதி. இந்தியச் சட்டத்தின் 151ஆம் பிரிவு அந்த விதியைக் கைவிட்டு, இயல்பான அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் போதும் என்கிறது. பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்திய வண்டி திருட்டுப் போனால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், வாங்கியவர் அதற்கு ஈடு தரவேண்டியதில்லை. பூட்டாமல் நிறுத்தியிருந்தால் நிலைமை வேறு. ஆனால் மாலையில் தருவதாகச் சொன்ன வண்டியைத் தராமல் வைத்திருந்து, அன்றிரவு அது காணாமற்போனால், எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே; இதை 161ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 18 வயது நிரம்பாதவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்பதால், அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுப்பவர், அவனுடைய அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

கொடுப்பவரின் கடமையோ இதைவிடக் கனமானது. பொருளைப் பயன்படுத்துவதற்கு இடையூறாகவோ, வழக்கத்துக்கு மீறிய ஆபத்துக்குக் காரணமாகவோ இருக்கக்கூடிய, தமக்குத் தெரிந்த குறைகளை உரியவர் சொல்லியே தீரவேண்டும் என்கிறது 150ஆம் பிரிவு. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தவர், விழுந்தவரின் காயத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். வாடகைக்கு விடுபவருக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல்: குறை தமக்குத் தெரியாது என்றுகூட அவர் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் ஊர்தோறும் இருந்த வாடகைச் சைக்கிள் கடைகள் இந்தப் பொறுப்பை நடைமுறையில் சுமந்தன. மட்கார்டில் எண் எழுதப்பட்ட வண்டிகள், எடுத்தவர் பெயரும் நேரமும் குறிக்கப்பட்ட நோட்டு, முகம் தெரியாதவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் உறுதிமொழி, சிறுவர்களுக்கென அரைச் சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று அவை இயங்கின. கடைக்காரரே பஞ்சர் ஒட்டுபவராகவும் பழுது பார்ப்பவராகவும் இருந்ததால், திரும்பி வந்த வண்டியின் பிரேக்கும் காற்றும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பல ஊர்களில் அக்கடைகள் மறைந்துவிட்டன. தம் வண்டியை இரவல் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு அந்தக் கண் இருப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், பழகிய கை தன் வண்டியின் குறையை உணர்வதை விட்டுவிடுகிறது. கருப்பு நிறப் பெரிய சைக்கிள்களில் பெடல் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது காட்டர் பின் எனப்படும் சிறு ஆப்பு. அது தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்ற ஓசையோடு பெடல் சற்றே வழுகும். உரியவரின் கால் அந்த இடத்தில் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், புதியவரின் கால் முழு எடையையும் வைத்துத் தடுமாறும். கம்பி பிரேக் பொருத்திய வண்டிகளில், மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை உடனே பிடிக்காது. சக்கரம் சில சுற்றுகள் சுற்றி நீர் வழிக்கப்பட்ட பிறகே பிடிக்கும். இதை அறிந்தவர் முச்சந்திக்கு வெகுமுன்னரே பிரேக்கை அழுத்தத் தொடங்குவார். அறியாதவர் பேருந்தைக் கண்ட பிறகு அழுத்துவார். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும், செயின் எந்த மேட்டில் கழலும், ஹேண்டில்பார் எந்தப் பக்கம் இழுக்கும் என்பவற்றைச் சாவியோடு சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். முன் பிரேக் அறவே இல்லாத வண்டியைக் கொடுக்காமலிருப்பதே நட்பு.

சீட்டின் உயரமும் அத்தகையதே. பெடல் கீழ்நிலைக்கு வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருப்பது பொருத்தமான அளவு. ஒரு ஸ்பானரால் மாற்றிவிடலாம் என்றாலும், “திரும்ப ஏற்ற வேண்டுமே” என்று பலர் மாற்றுவதில்லை. கால் எட்டாத சிறுவர்கள், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துக் கற்றதெல்லாம் பெரியவர்களுக்கென்று செய்யப்பட்ட வண்டிகளில்தான். காலியான சாலையில் கற்றுக்கொள்ள அது உதவியிருக்கலாம். இன்றைய போக்குவரத்தில், பெரிய வண்டியைச் சிறுவனிடம் கொடுத்து அனுப்புவது தகாது.

பஞ்சர் யார் பொறுப்பு என்பதில்தான் மனத்தாங்கல் அதிகம். ஓட்டும்போது குத்திய முள்ளுக்கு ஓட்டியவர் ஒட்டித் தருவதும், நூல் தெரியத் தேய்ந்த டயர் வெடித்தால் உரியவர் ஏற்பதும் நியாயமான வழக்கம். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் செய்வதில்லை: பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும் பிரேம் எண்ணைக் குறித்துவைப்பது. வண்டி காணாமற்போனால் காவல் நிலையத்தில் அதை அடையாளம் காட்ட அந்த எண்ணே பெரிதும் உதவும். இரவல் வாங்கியவரே வண்டியை விற்றுவிட்டால், அது வெறும் மனக்கசப்பு அன்று. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதையின் 316ஆம் பிரிவின்படி, நம்பிக்கை மோசடிக் குற்றம்.

ஆனால் இரவலின் வரலாற்றில் இழப்பைவிடப் பேறு பெரிது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தபோது, மகளிர் சைக்கிள்கள் போதாமல் ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே பெண்கள் ஓட்டினர். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். அதற்கு முன்பும் பல வீடுகளில் சைக்கிள் நின்றது. அது கணவரின் வண்டியாக, அண்ணனின் வண்டியாக நின்றது. வீட்டுக்குள்ளேயே கேட்டு வாங்க வேண்டியிருந்த பொருள் அது, கேட்கவே தயங்கிய பொருளும் அது.

தமிழக அரசு 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் அதை மேனிலை வகுப்பின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியபின், இந்த உறவு திசை மாறியது. இப்போது வீட்டின் ஒரே சைக்கிள் பதினாறு வயது மகளுடையதாக இருக்கக்கூடும். சந்தைக்குப் போக அப்பாவும், பயிற்சி வகுப்புக்குப் போகத் தம்பியும் அதைத்தான் எடுக்கிறார்கள். அவளிடம் கேட்டுவிட்டு எடுப்பதும், காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும் முன் காற்று அடித்து வாசலில் நிறுத்துவதும், முதல் நாள் மாலை கழன்ற செயினை அவள் கையில் கிரீஸ் படவிடாமல் மாட்டிவைப்பதும், அயலாருக்குப் பொருந்தும் அதே விதிகள்தாம்.