பல்லுக்கு கேப்: எப்போது, எப்படி?

மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல்தான். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். ஆனால் முறிந்த எலும்பு கூடுவதுபோல, கிழிந்த தோல் ஆறுவதுபோல உடைந்த எனாமல் வளர்வதில்லை. அதை உருவாக்கிய செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. சொத்தையாலோ அடிபட்டோ போன பகுதியை வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டும். இழப்பு சிறிதென்றால் அடைத்தால் போதும். பெரிதென்றால், ஈறுக்கு மேலே தெரியும் பல் முழுவதையும் சுற்றி மூடும் உறை தேவைப்படுகிறது. பேச்சு வழக்கில் கேப் என்றும், மருத்துவர்களால் கிரவுன் என்றும் சொல்லப்படுவது இதுதான்.

எந்தப் பல்லுக்குத் தேவை?

எனாமலுக்கு அடியில் டென்டைன் என்ற அடுக்கு. அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ். சொத்தை பற்கூழை எட்டிக் கெடுத்துவிட்டால் அதை அகற்றி, வேரின் உட்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். இதுவே ரூட் கேனால் சிகிச்சை. கேப்களில் பல இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கடைவாய்ப் பற்களுக்குப் போடப்படுபவை.

காரணம் எளிது. வேரை எட்ட, பல்லின் மேற்பரப்பைத் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். சொத்தை ஏற்கெனவே அரித்த பல்லின் சுவர்கள் இதனால் மேலும் மெலிகின்றன. ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் மெலிந்த சுவர்கள் வெளிப்புறமாகத் தள்ளப்படுகின்றன. வலி நின்றுவிட்டதே என்று கேப்பைத் தள்ளிப்போட்டால், ஒரு நாள் முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது பல் நெடுக்காகப் பிளக்கக்கூடும். பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பற்களில் துளையும் சிறியது, அவை தாங்கும் விசையும் குறைவு. பல் பெரிதும் சேதமடையாத வரை அங்கே அடைப்பே போதும்.

விரிசல் விட்ட பல், தூக்கத்தில் பற்களைக் கடித்துத் தேய்ந்த பல், இழந்த பல்லுக்குப் பிரிட்ஜ் கட்டும்போது இருபுறமும் தாங்கி நிற்கும் பல், தாடையில் பொருத்திய இம்பிளான்ட் ஆகியவற்றுக்கும் கேப் போடுவதுண்டு.

நல்ல பற்களை வெண்மைக்காக மட்டும் செதுக்கி கேப் மாட்டுவது வேறு விஷயம். முழு கேப்புக்காகச் செதுக்கும்போது ஈறுக்கு மேலுள்ள பல்லில் பாதிக்கும் மேல் போய்விடுகிறது. போனது திரும்ப வராது. சில பற்களில் பின்னாளில் நரம்பே செத்துவிடவும் கூடும். நிறம்தான் குறையென்றால் வெளுப்பாக்கும் சிகிச்சை உண்டு. சேதமடைந்த பற்களிலும், கடிக்கும் பரப்பின் மேடுகளை மட்டும் மூடும் ஆன்லே போன்ற பகுதி உறைகள் பலவற்றுக்குப் போதும்.

எஞ்சிய பல்லே அஸ்திவாரம்

கேப் நிற்பது சிமென்ட்டின் பலத்தால் மட்டுமல்ல. உள்ளே மிச்சமிருக்கும் நல்ல பல்லால். கேப்பின் விளிம்புக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது திடமான பல் சுற்றிலும் இருக்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா மரத்தைப் பிரியவிடாமல் இறுக்குவதுபோல, கேப்பின் விளிம்பு இந்த வளையத்தைச் சுற்றிப் பிடித்துப் பல்லைப் பிளவிலிருந்து காக்கிறது. அது இல்லாத பல்லில் எவ்வளவு விலையுயர்ந்த கேப்பும் நீடிப்பது கடினம். பல் அதிகம் உடைந்திருந்தால் வேருக்குள் ஒரு போஸ்ட் நட்டு, அதன்மேல் மையப் பகுதியைக் கட்டி எழுப்புவார்கள். அப்போதும் அந்த வளையம் தேவைதான்.

செய்யும் முறை

முதலில் நிறம் பார்க்கிறார்கள். செதுக்கும்போது வாய் திறந்தே இருப்பதால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். ஆகவே ஏ2, பி1 என்று எண்ணிட்ட மாதிரிப் பற்களைப் பக்கத்தில் வைத்து, செதுக்கும் முன்பே பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவது நல்லது.

நரம்பு உயிரோடுள்ள பல்லானால் மரத்துப்போக ஊசி போடப்படும். பிறகு வைரத் துகள் பதித்த நுனியால், தண்ணீர் பீய்ச்சியபடி பல்லைக் குறைப்பார்கள். உலோக கேப்புக்குக் கடிக்கும் பரப்பில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் போதும். உலோகத்தின்மேல் பீங்கான் படிந்த கேப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் வரை வேண்டும். பக்கச் சுவர்கள் மேல்நோக்கி லேசாகக் குவிய வேண்டும். அதிகம் குவிந்தால் கேப் கழன்றுவிடும். சற்றும் குவியாவிட்டால் சரியாக உட்காராது.

அடுத்து அளவெடுப்பது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய நூலைச் செருகி ஈறைச் சற்று விலக்கினால்தான் செதுக்கிய விளிம்பு தெளிவாக விழும். சிலிகான் பசையில் அச்சு எடுக்கலாம், அல்லது வாய்க்குள் செலுத்தும் சிறு ஸ்கேனரால் கணினியில் பதியலாம். இந்த அளவை வைத்து லேபில் செய்த கேப் வரும்வரை தற்காலிக கேப் பல்லைக் காக்கும். பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்வதையும் தடுக்கும்.

கேப் வந்ததும் மருத்துவர் மூன்றைச் சோதிக்கிறார்: விளிம்பில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, பக்கத்துப் பற்களோடு சரியாக ஒட்டுகிறதா, கடி உயரவில்லையா. கடியைப் பார்க்க மெல்லிய வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார். அழுத்தமாக நிறம் பதிந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்த பிறகே நிரந்தரச் சிமென்ட். சில நாள் கழித்தும் கடித்தால் வலித்தால் கடி உயரமாக இருக்கலாம். பழகிவிடும் என்று விட்டுவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

எந்தப் பொருளில்?

தங்கக் கலவை நீடித்து உழைக்கும். எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது. ஆனால் நிறத்தால் வெளியே தெரியும். பல் நிறத்தில் பீங்கான் கேப்பை 1880-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர் சார்ல்ஸ் லேண்ட் உருவாக்கினார். பார்க்க அழகு, ஆனால் எளிதில் உடைந்தது. 1960-களின் தொடக்கத்தில் இதற்குத் தீர்வு வந்தது. சூட்டில் உலோகம் விரியும் அளவுக்கு இணையாக விரியும் பீங்கான் கிடைத்ததும், உலோகத்தின்மேல் அதைச் சுட்டு ஒட்ட முடிந்தது. உள்ளே பலம், வெளியே பல்லின் நிறம். இதன் குறைகள் இரண்டு: மேல் பீங்கான் சில்லுப் பெயரலாம், ஈறு இறங்கினால் விளிம்பில் கருங்கோடு தெரியும். இந்தக் கேப்களுக்கான மலிவான உலோகக் கலவைகள் பலவற்றில் நிக்கல் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்று பரவலாகப் போடப்படுவது ஜிர்கோனியா. இது உலோகம் அல்ல, ஜிர்கோனியம் ஆக்சைடு என்ற பீங்கான். சாக்கட்டிபோல் மென்மையான கட்டியில், தேவையானதைவிடச் சுமார் 20 முதல் 25 சதவீதம் பெரிதாக இயந்திரம் கேப்பைக் கடைகிறது. பிறகு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் அது சுருங்கி, சரியான அளவுக்கு இறுகுகிறது. இதற்குள் விரிசல் ஒன்று தொடங்கினால், அதன் நுனியிலுள்ள படிகங்கள் உருமாறிப் பருத்து விரிசலை நெருக்கி நிறுத்தப் பார்க்கின்றன. அதனால் கடைவாய்ப் பல்லின் விசையைத் தாங்குகிறது. ஒளியை ஊடுருவவிடும் லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் பலத்தில் இதற்குக் குறைவு. முன்பல்லின் இயல்பான பளபளப்புக்கு ஏற்றது. கேப்பைக் கணினியில் வடிவமைத்து ஒரே நாளில் கடைந்து பொருத்தும் முறையும் உண்டு. அதற்கு அடித்தளமான செரெக் கருவியால் 1985-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் முதல் சிகிச்சை நடந்தது. அப்போது செய்தது கேப் அல்ல, இன்லே என்ற உள்ளடைப்பு.

குழந்தைகளின் பால்பற்களுக்கு ஆயத்த எஃகு கேப் உண்டு. ஸ்காட்லாந்து மருத்துவர் நார்னா ஹால் பெயரில் வழங்கும் முறையில் ஊசியும் இல்லை, துளையிடலும் இல்லை. பற்கூழை எட்டாத சொத்தையின்மேல் கேப்பை அழுத்திச் சிமென்ட்டால் மூடுகிறார்கள். உணவு கிடைக்காமல் கிருமிகள் முடங்க, சொத்தை நின்றுவிடுகிறது.

போட்ட பிறகு

கேப்புக்குச் சொத்தை வராது. அது உட்கார்ந்திருக்கும் பல்லுக்கு வரும். விளிம்பும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்கு தங்கினால் கிருமிகள் அடியில் புகுந்து அரிக்கின்றன. ரூட் கேனால் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் வலி எச்சரிப்பதில்லை. கேப் ஆடும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. தினம் இருமுறை ஃபுளோரைடு பற்பசையால் விளிம்புவரை துலக்குவதும், பல்லிடுக்கை நூலாலோ சிறு பிரஷாலோ சுத்தம் செய்வதும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே பார்ப்பதும் அவசியம். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் கடித்தடுப்பு உறை உதவும்.

கேப் கழன்று விழுந்தால் எறிய வேண்டாம். வீட்டுப் பசையால் ஒட்டவும் வேண்டாம். சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். நன்றாகப் பொருந்திய, நன்றாகப் பேணிய கேப் 10 முதல் 15 ஆண்டுகள் சாதாரணமாக உழைக்கும். அதற்கு மேலும் உழைப்பவை பல.