ஃபிலிம் ரோல்: 200 வாங்கலாமா, 400 வாங்கலாமா? ஒரு படத்தோட விலையைப் பாருங்க



பீரோவில் கிடந்த அப்பாவோட பழைய கேமராவை எடுத்துத் துடைச்சாச்சு, இல்லன்னா சம்பளம் வந்ததும் ஒண்ணு வாங்கியாச்சு. அடுத்தது ஃபிலிம். கலர் நெகட்டிவ்ல கோடக் கோல்ட் 200, கோடக் அல்ட்ராமேக்ஸ் 400 ரெண்டும் பரவலா கிடைக்குது. பெரும்பாலும் 200 விலை குறைவு, அதனால கை தானா அந்தப் பக்கம் போகும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு பார்த்துடலாம், வாங்க.

அந்த எண் என்ன சொல்லுது?

ஐஎஸ்ஓ எண்தான் ஃபிலிமோட வேகம். எண் இரட்டிப்பானா, தேவைப்படும் வெளிச்சம் பாதியாகும். 200க்கு வேண்டிய வெளிச்சத்துல பாதி இருந்தாலே 400க்குப் போதும். பதிலுக்கு, படத்துல மணல் மாதிரி புள்ளிகள் கொஞ்சம் கூடுதலா தெரியும்.

போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் இதைத் தானா மாத்திக்கும். ஃபிலிம்ல அப்படி இல்ல. இஎல்எஸ்எஸ் ஃபண்டுக்கு 3 வருஷம் லாக்-இன் இருக்குற மாதிரி, ஒரு ரோலுக்கு 36 படம் லாக்-இன். அதனால முதலீட்டுல கேட்கிற முதல் கேள்வியை இங்கேயும் கேளுங்க: இது எதுக்காக?

ரோல் விலை மட்டுமே செலவு இல்ல

ரெண்டு ஃபிலிமையும் கழுவுறது சி-41 என்ற ஒரே முறையிலதான். அதனால லேப்ல கழுவி ஸ்கேன் பண்ற செலவு ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒரு உதாரணம் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

- 200 ரோல் ரூ.900 + லேப் ரூ.700 = ரூ.1,600
- 400 ரோல் ரூ.1,200 + லேப் ரூ.700 = ரூ.1,900

ரோல் விலையில வித்தியாசம் 33 சதவீதம். மொத்தச் செலவுல பார்த்தா 19 சதவீதம்கூட இல்ல.

இப்போ 36-ஆல வகுக்காதீங்க. உருப்படியா வந்த படங்களோட எண்ணிக்கையால வகுங்க.

- பகல் வெயில்ல ரெண்டுலயும் 33 படம் நல்லா வந்தா: 200-ல ஒரு படம் சுமார் ரூ.48, 400-ல ரூ.58.
- சாயங்கால விசேஷத்துல 200-ல 20 படம், 400-ல 30 படம் தேறினா: 200-ல ரூ.80, 400-ல ரூ.63.

அதே ரோல், அதே விலை. வெளிச்சம் மாறினதும் மலிவானது எதுன்னு மாறிடுச்சு பாருங்க.

சாயங்காலம் ஏன் படம் வீணாகுது?

நல்ல பிரகாசமான வீட்டு விளக்குல 400 ஃபிலிமுக்கு எஃப்/2.8-ல ஷட்டர் சுமார் 1/60 நொடி வரும். கையில பிடிச்சே எடுக்கலாம். அதே இடத்துல 200 போட்டா 1/30. கை ஆடும், ஆளும் ஆடுவாங்க. சரி, ஷட்டரை 1/60-லயே வைப்போம்னா வெளிச்சம் பத்தாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை நல்லாவே தாங்கும். ரெண்டு ஸ்டாப் கூடினாலும் படம் பெரும்பாலும் தேறிடும். குறைஞ்சா தாங்காது. நிழல் பகுதி சேறு மாதிரி ஆயிடும், ஸ்கேன்லயும் மீட்க முடியாது. அதனால சந்தேகம் வந்தா, வெளிச்சம் கூடுற பக்கமே சாயுங்க. வெயில்ல 400 போட்டுட்டு கேமராவில 200-ன்னு வைச்சு எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. 200-ஐ 400-ன்னு வைச்சு எடுக்கிறதுதான் ரிஸ்க்.

அப்போ எது உங்களுக்கு?

- பீச், கோயில் கோபுரம், பகல் பயணம் மட்டும்தான்னா: 200. கூடுதல் காசு தேவையே இல்ல.
- காலையில வெளியே, சாயங்காலம் வீட்டுக்குள்ளன்னு கலந்து எடுப்பீங்கன்னா: 400.
- கோடக் எம்35 மாதிரி எஃப்/10, 1/120 நொடின்னு எதையும் மாத்த முடியாத கேமராவா? நல்ல வெயிலுக்கு 200 போதும். மேகம், நிழல், ஃபிளாஷ் இருந்தா 400.
- 800, போர்ட்ரா வரிசை: பழகுற காலத்துல வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னும் ஒரு ரோல் எடுங்க, கை பழகும்.

முதல் ரெண்டு ரோல் ஸ்கேன் வந்ததும் ஒரு எக்செல் ஷீட் போடுங்க: ரோல் விலை, லேப் செலவு, தேறின படம் எத்தனை, எந்த வெளிச்சம். மூணாவது ரோல் வாங்குறப்போ யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்ல. உங்க ஷீட்டே சொல்லிடும். பொழுதுபோக்குக்குன்னு மாசம் ஒரு தொகை ஒதுக்கியிருந்தா, அதை இந்த "தேறின படத்தோட விலை"யால வகுத்துப் பாருங்க. மாசம் எத்தனை நல்ல படம் உங்களுக்குக் கட்டுப்படியாகும்னு தெரிஞ்சிடும்.