ஆள் எப்படி இருப்பார்?

விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கும் முகம் தெரியாத விருந்தாளியைக் கூட்டிவரப் போகிறவருக்கு, செல்போனுக்கு முந்திய காலத்தில் வீட்டிலேயே ஆளை வாயால் வரைந்து கொடுத்து அனுப்புவார்கள். "நெடுநெடுன்னு இருப்பாரு. பொதுநிறம். முன்வழுக்கை. தாங்கித் தாங்கி நடப்பாரு. எதுக்கெடுத்தாலும் சிரிப்பாரு, தெத்துப்பல்லு தெரியும்." விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிற நிலையம் அது. அத்தனை கூட்டத்திலும் ஆளைப் பிடிக்க இந்த ஐந்தாறு சொல் போதும். இன்று அதே வேலைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது, கூடவே லைவ் லொகேஷன். யாரும் யாரையும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

ஆளைச் சொல்லும் தமிழ்ச் சொற்கள் அருகிப்போனதற்கு ஆங்கிலத்தைத் திட்டுவது நமக்குப் பழக்கம். முதலில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியது கேமராவைத்தான் என்று எனக்குப் படுகிறது. பெண் பார்த்துவிட்டு வந்த அத்தை, ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியாரைப் பற்றித் திண்ணையில் சேதி சொல்கிறவர், மாடு ஓட்டிப்போனவன் யாரென்று சாட்சி சொல்கிறவர் எல்லோருக்கும் சொல் தேவைப்பட்டது. படம் வந்ததும் அந்தச் சொற்களுக்கு வேலை போயிற்று. மிஞ்சியது தீர்ப்பு மட்டும். மணப்பெண் படத்தைப் பார்த்ததும் "சூப்பரா இருக்கா" என்கிறோம். மூக்கும் முழியுமாக இருக்கிறாளா, களையாக இருக்கிறாளா, லட்சணமா, எடுப்பா என்ற கேள்விகளே எழுவதில்லை. இந்த நாலும் நாலு விதமான அழகு என்பது அந்தக் காலத்து அத்தைக்குத் தெரியும்.

அரசாங்கமும் ஒரு காலத்தில் ஆளைச் சொல்லால்தான் பிடித்து வைத்திருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று வாத்தியார் பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதுவார். அதற்கும் முன்பு, சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் பதிவேடுகளில், பெயர், வயது, சாதி, ஊரோடு உடல் அடையாளத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. தென்னாற்காட்டு ஆட்களும் அந்த ஏடுகளில் தழும்பும் மச்சமுமாகப் பதிந்து கிடக்கிறார்கள். 2010இல் ஆதார் வந்த பிறகு கருவிழியும் கைரேகையும் ஆளைச் சொல்லிவிடுகின்றன. அந்த மொழி இயந்திரத்துக்குத்தான் புரியும். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டும் 'காணவில்லை' நோட்டீசில் மட்டும் படத்துக்குக் கீழே மாநிறம், ஒல்லியான தேகம், கட்டம் போட்ட சட்டை என்று பழைய தமிழ் இன்னும் உயிரோடு இருக்கிறது.

விருத்தாசலத்துக்கு இதில் ஒரு தனி விசேஷம் உண்டு. பீங்கான் ஊர். ஜாடி, அகல்விளக்கு, பொம்மை, பீஸ் கட்டை என்று களிமண்ணை அச்சில் ஊற்றிச் சூளையில் வேகவைத்துப் பிழைத்த ஊர். அதைச் சொல்லித்தர ஒரு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனமே இங்கே இருக்கிறது. மனிதரைப் பற்றி நாம் பேசுகிற பேச்சில் பாதி, யோசித்துப் பார்த்தால், இந்தப் பீங்கான் கொட்டகைப் பேச்சுதான். கைக்குழந்தையை அடிக்கப்போனால் "பச்ச மண்ணுடா அது" என்று ஆயா தடுப்பாள். சூளைக்குப் போகாத பாண்டத்தைக் குயவர் சொல்லும் சொல் அது. தொட்டால் நசுங்கும், இன்னும் எப்படி வேண்டுமானாலும் வனையலாம். பையன் அப்பனைப் போலவே இருந்தால் அச்சு அசல், வார்த்து வைத்த மாதிரி. பாடம் ஏறாதவன் தலையில் களிமண். விஷயம் பாதி தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுகிறவன் அரைவேக்காடு.

பொம்மைக் கொட்டகையில் இது கண்ணெதிரே நடக்கும். களிக்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்சுவரில் மண் ஏடுபோலப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சற்று இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை வெளியே வரும். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் உச்சந்தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பார்கள். பலகை முழுக்க ஒரே கிருஷ்ணன், ஒரே மூக்கு. வெந்து வந்த பிறகு தூரிகை எடுக்கும் பெண்கள் கையில்தான் ஒவ்வொருவனும் வேறு ஆள் ஆவான். "ஏம்மா, புருவத்த இம்மாந் தூக்காத, சிடுமூஞ்சியா ஆயிடும்" என்று மூத்தவள் சொல்ல, "சரிக்கா" என்று சின்னவள் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பாள். உதட்டுக் கோடு ஒரு மயிரிழை கீழே இறங்கினால் உம்மணாமூஞ்சி. கருவிழி நடுவில் நின்றால் முழிக்கிறான், ஓரம் ஒதுங்கினால் குறும்பு. எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைந்தால் "களை வரல" என்று ஒதுக்கி வைப்பார்கள். சிடுமூஞ்சிக்கும் உம்மணாமூஞ்சிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மயிரிழையில் காட்டுகிற இடத்தில் அந்தச் சொற்கள் சாகாது. ஆனால் இன்று கொட்டகைகளே குறைந்துகொண்டு வருகின்றன. அரசு நடத்திய டாசெல் பீங்கான் ஆலையும் மூடியாயிற்று.

இந்த மண்ணின் பேச்சைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து முந்திரிக்காட்டு ஊரான மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தார். கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் 1982இலும் கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இலும் செய்ததை நடுநாட்டுக்கு 2007இல் செய்து முடித்தது பல்கலைக்கழகத் துறை எதுவும் அல்ல, ஸ்பேனர் பிடித்த கை. விருத்தாசலத்திலேயே வாழும் இமையம் வேறு வழியில் போனார். 'கோவேறு கழுதைகள்' (1994) தொடங்கி அவர் கதைகளில் ஆட்களை ஆசிரியர் வருணிப்பதைவிட, ஊர் வருணிப்பதுதான் அதிகம். யார் எப்படி என்பது பக்கத்து வீட்டுக்காரியின் வசவிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் நமக்குத் தெரியவரும்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. வாய் உடைந்த பானைக்கு மூளி என்று பெயர். அதே சொல்லைத் தாலி அறுத்த பெண் மேல் வீசினார்கள். கொட்டகையில் ஒரு ஜாடி மூளியானால் தூக்கிப் போடுவார்கள். பெண்ணையும் அதே கணக்கில்தான் வைத்தார்கள். இன்று அந்தச் சொல் தெருவில் காதில் விழுவதில்லை, விழவும் வேண்டாம். ஒன்றரைக் கண்ணன், சோடாபுட்டி, நொண்டி என்று உடம்பின் குறையே பேராகி, சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கூர்ந்து பார்த்த கண்தான் இந்தப் பேர்களையும் வைத்தது. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ஒருவன் பெயர் நடையால் சப்பாணி, இன்னொருவன் பெயர் தலைமுடியால் பரட்டை. சப்பாணி என்று கூப்பிடுகிறவனை அறைந்துவிடு, உன் பெயர் கோபாலகிருஷ்ணன் என்று மயில் சொல்லிக்கொடுக்கிறாள். மாற்றுத்திறனாளி, திருநங்கை போன்ற சொற்கள் அரசாணைக்கு வர இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. அவை நாக்கில் சற்றுக் கனக்கின்றன என்று முனகுகிறவர்களைப் பார்க்கிறேன். நொண்டி என்பது கூப்பிட்டவர் நாக்குக்கு லேசாகத்தான் இருந்தது.

நிறத்தின் கதை இன்னும் மோசம். அட்டைக்கரி, கறுப்பு, மாநிறம், பொதுநிறம், எலுமிச்சம்பழ நிறம், சிவப்பு என்று ஒரு ஏணியே வைத்திருந்தோம். அதில் 1975இல் ஒரு க்ரீம் வந்து சேர்ந்தது. 2020இல் கம்பெனி அந்தக் க்ரீமின் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தது. கல்யாணத் தரகர் வாயில் 'ஃபேர்' அப்படியே இருக்கிறது. சினிமா நிருபர்கள் கறுப்பை 'டஸ்கி' ஆக்கினார்கள். பொம்மைக் கொட்டகையிலும் கன்னத்துக்கு ரோஸ் பூசுகிறவள் கை என்ன நிறம் என்று பார்த்தால் போதும், ஏணி இன்னும் சாய்த்த இடத்திலேயே நிற்பது தெரிந்துவிடும்.

மனநிலைச் சொற்களுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறார். மெய்ப்பாடு என்றாலே உடம்பில் தெரிவதுதான். நம் ஊர்ப் பேச்சும் அந்த வழிதான். மனசுக்குள் நடப்பதை உடம்பில் வைத்தே சொன்னார்கள்: நெஞ்சு படபடங்குது, அடிவயிறு கலங்குது, முகம் சுண்டிப்போச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான். சிடுசிடு, கடுகடு, துறுதுறு, வெடவெட என்று இரட்டித்த சொற்களில் காதுக்கே மனநிலை கேட்டுவிடும். இன்று டென்ஷன், மூட் அவுட், ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் என்ற நாலு சொல்லில் எல்லாம் அடங்குகிறது. பஸ்சைத் தவறவிட்டாலும் டென்ஷன், வீட்டில் சாவு விழுந்தாலும் டென்ஷன்.

ஆனால் ஒரு கல்லூரிப் பெண் "நான் இன்ட்ரோவர்ட்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் பாட்டி காலத்தில் பிறந்திருந்தால் அழுத்தக்காரி, அமுக்குணி என்ற பட்டம் கிடைத்திருக்கும். இரண்டிலும் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது, வாயைத் திறக்காதவள் எதையோ மறைக்கிறாள் என்று. இன்ட்ரோவர்ட் என்பதில் அது இல்லை. படபடப்பை 'ஆங்சைட்டி' என்று சொல்லத் தெரிந்தவள் டாக்டரிடம் போகிறாள். முன்பு காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள், இல்லாவிட்டால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தாளில் குறையை எழுதி முனியப்பர் சந்நிதியில் பிராது கட்டும் வழக்கம் இன்றும் நடக்கிறது. காரியம் முடிந்தால் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். எமோஜி அனுப்பியே பழகிய விரலும் அந்தத் தாளில் மட்டும், யார் என்ன செய்தார், எப்படிப் பேசினார், மனசு என்ன பாடுபட்டது என்று வரி வரியாக எழுதியாக வேண்டும்.

புதுச் சொல் பிறக்காமலும் இல்லை. முனை மழுங்கிய பென்சிலைப் பார்த்த யாரோ ஒருவர்தான் சுவாரசியமில்லாத ஆளுக்கு மொக்கை என்று பேர் வைத்தார். கெத்து என்பதில் நடை, பார்வை, தெனாவெட்டு மூன்றும் இருக்கிறது. இந்த ஊர்ச் சரக்கு ஒன்றும் பேச்சில் ஏறியிருக்கிறது. ஆயிரத்து இருநூறு டிகிரி வாக்கில் வெந்து வெள்ளையாக வெளியே வந்த பீங்கான் பீஸ் கட்டைகள்தான் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மெயின் போர்டில் உட்கார்ந்திருந்தன. கரண்டு பில் கட்டாத வீட்டில் மின்வாரியத்துக்காரர் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போவார். துள்ளுகிறவனை அடக்குவதற்கு "பீஸைப் புடுங்கிட்டான்" என்று பேச்சு வந்தது அதிலிருந்துதான். இப்போது கட்டுகிற வீடுகளில் எம்.சி.பி. சுவிட்சு, பீங்கானுக்கு அங்கே இடமில்லை, கட்டை செய்த கொட்டகைகளுக்கு ஆர்டரும் குறைந்துவிட்டது. பீஸ் கட்டையைக் கண்ணால் பார்த்திராத பத்தாம் வகுப்புப் பையன்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, நேற்று மேட்சில் பந்து போட்டவனின் பீஸை யார் புடுங்கியது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.